எளியோர் வாழ்வும் இறப்பும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கீழச்சிவல்பட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னிடம் 'கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் பேசுமாறு கேட்டுக்கொண்டனர். அப்பொருளில் பேச இம்மேடையில் என்னினும் வல்லார் பலர் வீற்றிருக்கின்றனர். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள அவர்களிடம் இசைவு பெற்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் சிற்றூர்களிலும் கடல் கடந்த அமெரிக்க நாட்டின் சிற்றூர்களிலும் வாழ்ந்த, இறைப்பற்று மிக்க எளிய மக்கள் சிலர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர், அவர்தம் வாழ்வும் சாவும் எவ்வாறு ஏட்டில் ஏறின என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். ஆயினும் நான் மதம் பரப்ப வந்தவன் அல்லேன். இக்கூட்டத்தில் அய்யனாரையும் காளியையும் வணங்குவோர் இருக்கின்றனர். கிறித்துவை வணங்குவோர் இருக்கின்றனர். அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் புத்தரைப் போற்றுவோரும் இருக்கின்றனர். யார் வழி நல்வழி என்று எடைபோடுவது இன்றைய வேலை அன்று.

முதலில் ஒரு கேள்வி. நம் வீடுகளில் பாட்டனாரின் தந்தை பெயரைச் சொல்ல வல்லார் எத்தனை பேர்? அவர் எந்த ஆண்டில் இறந்தார், எதனால் இறந்தார் என்று சொல்ல வல்லார் எத்தனை பேர்? நான் பணியாற்றிய பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். நம் பிள்ளைகள் பலருடைய பிறந்த நாள் ஜூன் மாதத்தில் முதல் நாளாகவே இருக்கும். கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபுறக் காதைத் தொடச் செய்து, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு, ஆசிரியரே ஒரு நாளைக் குறித்துக்கொண்ட காலம் அது. தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் பக்கம் பக்கமாக 'கூலி' என்னும் ஒரே சொல். அவர் எந்தக் கண்மாயில் மடை திறந்தவர், பறையடிப்பதில் வல்லவரா, நாட்டு வைத்தியம் அறிந்தவரா என்பதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

இதே வட்டாரத்தில் நகரத்தார் பெருமக்கள் தம் மரபைக் காத்த முறையைப் பாருங்கள். இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி, மாத்தூர் முதலிய ஒன்பது நகரக் கோயில்களில் அவர்கள் திருமணம் முறையாகப் பதிவாகிறது. மணமான குடும்பம் ஒன்று ஒரு 'புள்ளி' எனக் கணக்கில் ஏறுகிறது. தலைமுறை தலைமுறையாக யார் யாருக்கு மகன் என்பதைக் கோயில் ஏடு சொல்லும். அவ்வொழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஊருணி வெட்டுவித்தவர் பெயரும் கல்லில் இருக்கிறது. மண் வெட்டி, கூடையில் சுமந்து கரை போட்டவர்களின் பெயர் அக்கல்லில் இல்லை. பர்மாத் தேக்கை வண்டியிலிருந்து இறக்கி முகப்பில் தூணாக நிறுத்தியவர்களுள் நம் முன்னோரும் உண்டு. அவர்களுக்கும் பெயர் இல்லை.

நம்மவர்க்குப் பெயர் இல்லாமற் போனது தற்செயல் அன்று. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்நகை வெள்ளிநகை கூடாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டலாகாது, சட்டை பனியன் கூடாது, முடி வெட்டிக்கொள்ளலாகாது, மண்பாண்டம் தவிர வேறு கலம் கூடாது, பெண்டிர் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் கூடாது. 1931 ஜூனில் அவை பதினொன்றாக விரிந்தன. நம் பிள்ளைகள் படிக்கலாகாது, மிராசுதாரர் மாடுகளை மேய்க்கவே வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இவற்றை வகுத்தெழுதி வைத்தவர் நம்மவர் அல்லர். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராகிய ஹட்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் எழுதாதிருந்தால் நம் பாட்டிமார் வாய்மொழியை இன்று எவர் நம்பியிருப்பார்? எழுத்தில் ஏறிய துன்பமே வழக்குமன்றத்தில் சான்றாகிறது.

இனி, எழுத்தில் ஏறிய ஓர் எளியவரைக் காண்போம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மயிலாடி என்றோர் ஊர் இருக்கிறது. கல் சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அன்று அது திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. அவ்வூரில் சாம்பவர் குலத்தில், அதாவது நம் குலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகராசன் என்றொருவர் வாழ்ந்தார். சிவபத்தி மிக்கவர். சிதம்பரத்தைக் கண்டு வரவேண்டும் என்னும் வேட்கை அவரை வாட்டிற்று. நந்தனாரை வாட்டிய அதே வேட்கை என்று சொல்லலாம். நாளைப்போவாராகவே நின்றுவிடாமல் தம் மருமகன் சிவகுருநாதனையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் எவ்வளவு தொலைவு என்பதை நினைத்துப் பாருங்கள். இரயில் இல்லை, பேருந்து இல்லை, வழியில் நம்மவர்க்குத் தங்கச் சத்திரம் இல்லை, பொதுக் கிணற்றில் நீர் இல்லை.

அப்பயணத்தில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கியவர், அங்கிருந்த கிறித்தவ ஆலயத்தில் நடந்த வழிபாட்டைக் கண்டார். கோலாப் ஐயர் என்று நம் மக்கள் அழைத்த கோல்ஹாப் என்னும் குருவானவரிடம் பாடம் கேட்டார். மகராசன் வேதமாணிக்கம் ஆனார். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார். அவர் ஏன் மாறினார் என்பதற்குப் பத்தியோடு எழுதியவர்கள் கனவு, காட்சி என்று பலவும் சொல்வர். அவை இருக்கட்டும். நாற்பதை நெருங்கிய ஓர் உழவர், தாம் புறப்பட்ட நோக்கத்தையே வழியில் மறு ஆய்வு செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் இளைஞர்கள் தேர்வில் ஒரு பாடம் தவறிவிட்டால் வாழ்வே முடிந்ததுபோல் அமர்ந்துவிடுகின்றனர்.

அவர் ஊர் திரும்பினார். உறவினர் சிலர் அவர் சொற்கேட்டனர், பலர் பகைத்தனர். குடும்பத்தில் நேர்ந்த நோய்க்கும் சாவுக்கும் குலதெய்வத்தைக் கைவிட்டதே காரணம் என்றனர். ஊரில் வாழ இயலாத நிலை வந்தது. குடிபெயர்ந்து தஞ்சைப் பக்கமே போய்விடலாமா என்று கேட்டறிய அவர் மறுபடியும் நடந்தார். அப்போதுதான் இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராகிய ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியரைச் சந்தித்தார். 1806-இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். ஆலயம் கட்டத் திவான் வேலுத்தம்பி இசைவு தரவில்லை. ஆங்கில அரசின் பிரதிநிதியாகிய கர்னல் மெக்காலே முயன்று இசைவு பெற்றபின், 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. உடன் ஒரு பள்ளியும் தொடங்கிற்று. அப்பள்ளியே பின்னர் நாகர்கோயிலுக்கு மாற்றப்பட்டு, நாளடைவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியின் வாயிலைக் கடந்து சென்ற ஆயிரமாயிரம் மாணவர்களுள், அதன் வேர் ஒரு சாம்பவக் குடியிருப்பில் இருந்தது என்பதை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். கோட்டு இன்றித் திரிவார். கைக்கு வந்த சம்பளத்தை வந்த வேகத்திலேயே பிறருக்குக் கொடுத்துவிடுவார். 1816-இல் உடல் நலிந்து ஊரைவிட்டுப் புறப்பட்டார். புறப்படுமுன் சபையின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்து மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அச்சபையையும் பள்ளியையும் நடத்தியவர் வேதமாணிக்கமே. வெள்ளைக்காரர் எவரும் உடன் இல்லை. 1816-ஆம் ஆண்டில் இத்தமிழ் நிலத்தில் நம் குலத்தவர் ஒருவர் ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, கணக்கும் வைத்து, வழிபாடும் நடத்தி, குழந்தைகளுக்குப் பாடமும் சொல்ல ஏற்பாடு செய்தார் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நமக்கு நிர்வாகம் வராது என்று இன்றும் சிலர் சொல்லத் துணிகின்றனர்.

வேதமாணிக்கம் 1827-இல் மறைந்தார். ரிங்கல்தௌபே என்ன ஆனார்? சென்னை சென்றார், கொழும்பு சென்றார், மலாக்கா வரை சென்றார். பின்பு செய்தியே இல்லை. அவர் கல்லறை எங்கும் இல்லை. ஐரோப்பாவில் பிறந்து பல்கலைக்கழகத்தில் பயின்றவரின் இறுதி நாள் எவருக்கும் தெரியாமற் போயிற்று. மயிலாடிச் சேரியில் பிறந்தவரின் மறைவாண்டு நமக்குத் தெரிகிறது. காரணம், அவர் வாழ்ந்த சபை பெயரேடு வைத்திருந்தது. 1903-இல் ஆகூர் என்பவர் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை எழுதியபோது வேதமாணிக்கத்துக்கு அதில் உரிய இடம் இருந்தது. மயிலாடி ஆலயத்தின் பெயரில் இன்று இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

பின்வந்த மீட் ஐயரைப் பற்றி ஒரு சொல். பல்லாண்டு ஊழியம் செய்த அம்முதியவர் 1850-களின் தொடக்கத்தில் நம் குலத்துக் கிறித்தவப் பெண்மணி ஒருவரை மணந்துகொண்டார். விளைந்த சலசலப்பில் தம் மிஷன் பொறுப்பையே விட்டு நீங்க நேர்ந்தது. சமத்துவத்தைப் போதித்த சங்கத்தாருக்கு, போதித்தவரே அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது பொறுக்கவில்லை. அவர் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணியில் சேர்ந்து, 1873-இல் மறைந்தார்.

இப்போது கடல் கடந்து செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்களில் மிகப் பெருகிய சபை மெதடிஸ்டு சபை. அதனைத் தோற்றுவித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வெஸ்லி. 1703-இல் பிறந்து 1791-இல் மறைந்தவர். இவர் ஏற்படுத்திய முறை ஒன்றை நம் கழகத்தார் கூர்ந்து நோக்கவேண்டும். 1742-இல் பிரிஸ்டல் நகரில் கூடம் கட்டிய கடனை அடைக்க வழி தேடினர். பன்னிருவரை ஒரு குழுவாக்கி, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட ஒருவரைத் தலைவராக்கினர். கொடுக்க இயலாதவர்க்குத் தலைவர் தம் கையிலிருந்து போடுவார். காசு திரட்ட வீடு வீடாகச் சென்றவர் அவ்வீடுகளின் நோயையும் பூசலையும் குடியையும் கண்டார். காசு வாங்கும் நடை மனிதரை விசாரிக்கும் நடையாயிற்று. ஒவ்வொரு தலைவரிடமும் ஒரு சிறு புத்தகம். அதில் பன்னிரண்டு பெயர்கள். நம் கழகமும் பிடி அரிசியிலும் பத்து ரூபாய்ச் சந்தாவிலும் தொடங்கியதுதான். சந்தாப் புத்தகத்தில் நாம் தொகையை மட்டும் எழுதினோம்.

அமெரிக்காவில் இச்சபையைப் பரப்பிய ஆஸ்பரி என்பவருக்குச் சொந்த வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. குதிரைமேல் அமர்ந்து காடும் மலையும் கடந்து 45 ஆண்டுகள் சுற்றி, 1816 மார்ச் 31 அன்று வழிப்பயணத்திலேயே மாண்டார். அவரைப்போல் சுற்றிய இளம் ஊழியர்களுள், தொடக்க காலத்தில் மாண்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முப்பது வயதைக் காணவில்லை என்பர். குளிரும் காய்ச்சலும் ஆற்று வெள்ளமும் அவர்களைக் கொண்டுபோயின. ஆஸ்பரியோடு சென்றவருள் ஹாரி ஹோசியர் என்னும் கறுப்பரும் ஒருவர். எழுத்தறியாதவர்; கேட்டவற்றை நெஞ்சில் பதித்துக்கொண்டே பேசுவார். ஆஸ்பரியின் பேச்சைக் கேட்க வந்த வெள்ளையர் இவர் பேச்சைக் கேட்டு மயங்கினர் என்று எழுதப்பட்டிருக்கிறது.

அச்சபையார் சாவை எதிர்கொண்ட விதம் தனித்தன்மை உடையது. ஒருவர் படுக்கையில் விழுந்தால் குடும்பத்தாரும் அண்டை அயலாரும் சூழ்ந்து நின்று பாடுவர். அவர் சொல்லும் இறுதிச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வர். 1826-இல் நியூயார்க்கில் தொடங்கிய அவர்தம் வாரப் பத்திரிகையிலும் அதுபோன்ற பிற ஏடுகளிலும் அவை அச்சாகும். மாண்டவர் ஆளுநராகவோ தளபதியாகவோ இருக்க வேண்டுவதில்லை. மாடு கறந்தவள், கருமான், பிள்ளைப் பேற்றில் மாண்ட பத்தொன்பது வயதுப் பெண் ஆகிய இவர்களுக்கும் நான்கு வரி, பத்து வரி இடம் கிடைத்தது. பிறந்த ஊர், யாருடைய மகள், எப்போது சபையில் சேர்ந்தாள், எத்தனை நாள் நோயுற்றாள், பிரியும்போது என்ன சொன்னாள் என்பனவெல்லாம் பதிவாயின. இன்று அந்நாட்டில் ஓர் உழவரின் கொள்ளுப் பேரன் தன் குடும்ப வரலாற்றைத் தேடினால் அந்நான்கு வரி கிடைக்கிறது.

அக்குறிப்புகள் அனைத்தும் உண்மையை முழுமையாகச் சொல்லின என்று நான் கருதவில்லை. மாண்டவர் எல்லாரும் முகமலர்ச்சியோடும் வெற்றி முழக்கத்தோடும் மாண்டதாகவே எழுதுவது அன்றைய வழக்கு. வலியால் துடித்தவர் இல்லையா? பிள்ளைகளை யார் கையில் விட்டுப்போவது என்று கலங்கியவர் இல்லையா? எழுதியவர் கை அவற்றைத் தாண்டிச் சென்றுவிட்டது. அன்றியும், தோட்டங்களில் அடிமைகளாய் மாண்ட கறுப்பரின் சாவு, முதலாளியின் சொத்துக் கணக்கில் கழித்தல் குறியாக மட்டுமே ஏறிற்று. 1844-இல் அடிமை உடைய ஒருவர் ஆயராக இருக்கலாமா என்னும் வழக்கில் அச்சபையே வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது. அதற்கு முன்பே, பிலடெல்பியா நகரில் வெள்ளையரோடு ஒரே கூடத்தில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்த கறுப்பரைத் தூக்கி எழுப்பி வெளியேற முயன்ற கொடுமை நிகழ்ந்தது. வெளியேறியவருள் ஒருவர் ரிச்சர்டு ஆலன். அடிமையாய்ப் பிறந்து, உழைத்துப் பணம் சேர்த்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். 1816-இல் கறுப்பருக்கென்றே தனி மெதடிஸ்டு சபையைக் கண்டு அதன் முதல் ஆயரானவர் அவரே.

அமந்தா ஸ்மித் என்னும் அம்மையாரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1837 ஜனவரி 23 அன்று மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிற்றூரில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாமுவேல் பெர்ரி பகலெல்லாம் முதலாளிக்கு உழைத்துவிட்டு, இரவில் துடைப்பமும் பாயும் முடைந்து விற்றுக் காசு சேர்த்தார். முதலில் தம்மை மீட்டார். மனைவியும் மக்களும் வேறொரு முதலாளி வீட்டின் உடைமைகள். அவ்வீட்டின் இளம்பெண் ஒருத்தி மெதடிஸ்டுக் கூட்டம் ஒன்றுக்குச் சென்று மனம் மாறினாள். அடிமைப் பெண்ணாகிய அமந்தாவின் தாயோடு சேர்ந்து வேண்டுதல் செய்யத் தொடங்கினாள். சிறிது காலத்தில் காய்ச்சலில் விழுந்தாள். சாகும் தறுவாயில், 'சாமுவேல் தம் மனைவி மக்களை விலைகொடுத்து மீட்டுக்கொள்ள இசைவு தரவேண்டும்' என்று தன் வீட்டாரிடம் மன்றாடிக் கேட்டு, அவர்களிடம் வாக்குப் பெற்ற பின்பே கண்மூடினாள். வீட்டாரும் வாக்கைக் காத்தனர். அச்சாவினால் ஒரு குடும்பம் விடுதலை பெற்றது. ஆயினும் விலை கொடுத்தவர் சாமுவேலே. துடைப்பம் முடைந்த கைகளே அவர்களை மீட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமந்தா பள்ளி சென்றது மொத்தம் மூன்று மாத அளவே. துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்தார். பெற்ற பிள்ளைகள் ஐவரில் நால்வரை இழந்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று பேசத் தொடங்கினார். 1878-இல் இங்கிலாந்து சென்றார். 1879-இலிருந்து 1881 வரை நம் இந்திய நாட்டில், பம்பாய், கல்கத்தா முதலிய இடங்களில் பேசினார். அடிமையாய்ப் பிறந்த ஒரு கறுப்புப் பெண்மணி இங்கு மேடை ஏறி நின்ற அந்நாளில், நம் பெண்டிர் எத்தெருவில் நடக்கலாம் என்பதற்கே தடை இருந்தது. 1893-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். வந்த பணத்தையும் சேமிப்பையும் கொண்டு இல்லினாய் மாநிலத்தில் கறுப்புக் குழந்தைகளுக்கென ஓர் அனாதை இல்லத்தை 1899-இல் திறந்தார். 1915-இல் மறைந்தார். தந்தை துடைப்பம் முடைந்த செய்தி நமக்குத் தெரிவது மகள் அதை எழுதி வைத்ததனால்தான்.

இதே காலத்தில், மராட்டிய நாட்டில் ஜோதிராவ் பூலே தம் 'குலாம்கிரி' நூலை 1873-இல் வெளியிட்டபோது, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார் என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிந்தது, அமெரிக்காவில் 1865-இல்.

வெஸ்லியின் சபையார் நம் தமிழ் நிலத்துக்கும் வந்தனர். 1814-இல் ஐந்து இளைஞர்கள் இலங்கை வந்து சேர்ந்தனர். அவர்களை அழைத்து வந்த முதியவர் தாமஸ் கோக் வழியில் கப்பலிலேயே மாண்டு கடலில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வைவருள் ஒருவராகிய வில்லியம் ஆல்ட் தம் மனைவியையும் அப்பயணத்திலேயே இழந்தவர். தனியராய் மட்டக்களப்புக்குச் சென்று பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் மாண்டார். அவர் தொடங்கிய பள்ளி இரு நூற்றாண்டு கடந்து நிற்கிறது. மற்றொருவராகிய லிஞ்ச் 1817-இல் சென்னை வந்தார். ஆண்டுகள் பல சென்றபின் 1882-இல் வில்லியம் கௌடி என்பார் வந்து, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தங்கி நம் மக்களிடையே உழைத்தார். பறையர்க்கு நிலம் இல்லாதவரை பள்ளியும் நிலைக்காது என்பதைக் கண்டவர் அவர். செங்கற்பட்டில் ஆதம் ஆண்ட்ரூ என்பாரும் அவ்வாறே எழுதினார். மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கையும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையும், அதன்வழி வந்த பஞ்சமி நிலமும் நீங்கள் அறிந்தவையே. அந்நிலத்தைக் கேட்டு 1994-இல் செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரின் பெயரையும் இம்மேடையில் ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

அச்சபையில் ஊழியம் செய்த அருள்திரு ஜான் இரத்தினம் 1885-இல் 'திராவிட பாண்டியன்' என்னும் இதழை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு சேர்ந்து உழைத்தவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்ற எம். சி. ராஜா ஆசிரியராய்ப் பணியாற்றி, பின்பு சென்னைச் சட்டமன்றத்திலும் மத்திய சட்டமன்றத்திலும் நம் குரலாய் ஒலித்தார். இவற்றை விரித்துரைக்க இன்று நேரமில்லை.

மதம் மாறியதால் சாதி ஒழிந்ததா என்று இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். ஒழியவில்லை. வேதமாணிக்கம் பாடம் கேட்ட அதே தஞ்சைத் திருச்சபையில் நம்மவர் தனியே அமர்ந்தனர். 1833-இல் ஆயர் தானியேல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது, உயர்சாதிக் கிறித்தவர் பலர் ஆலயத்தையே விட்டு விலகினர். வடக்கன்குளத்தில் ஆலயத்தின் உள்ளேயே இருந்த சாதிச் சுவர் 1910-இல்தான் இடிந்தது. அதை எதிர்த்தும் வழக்குத் தொடுத்தனர். மாண்டபின் புதைக்கும் இடத்திலும் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. ஆகவே நான் சபைகளைப் புகழ்ந்து பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். அவர்கள் வைத்திருந்த பெயரேட்டைத்தான் புகழ்கிறேன். சுவரின் எப்பக்கத்தில் புதைக்கப்பட்டாலும் மாண்டவரின் பெயர் ஏட்டில் இருந்தது.

கழகத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா மலரோடு, ஒரு பெயரேட்டையும் தொடங்குங்கள். தடித்த அட்டைபோட்ட கணக்குப் பேரேடு போதும். ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், அழைத்த பெயர், தாய் தந்தையர், பிறந்த ஊர், வாக்கப்பட்டு வந்த ஊர், கற்ற தொழில், யாரிடம் பண்ணையில் இருந்தார், மலேயாவுக்கோ இலங்கைக்கோ போய்வந்தாரா, எந்நோயால் இறந்தார், கடைசி நாட்களில் எதைப்பற்றிப் பேசினார் ஆகியவற்றை எழுதுங்கள். அமெரிக்கரைப் போல் அழகுபடுத்த வேண்டா. குடித்தே மாண்டார் என்றால் அப்படியே எழுதுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி கிடைக்காமல் மாண்டாள் என்றால் அதையும் எழுதுங்கள். பாடத் தெரிந்த ஆயாக்கள் இருந்தால், அவர்கள் பாடும் ஒப்பாரியில் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர் வரும். மறுமுறை எங்கேனும் துட்டி கேட்கச் செல்கையில் காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எழுதும் வேலையை ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அளிக்கலாம். ஒருவர் தத்தம் தெருவில் பன்னிரண்டு வீடுகளை ஏற்றுக்கொள்ளட்டும். சனி, ஞாயிறுகளில் முதியோரிடம் அமர்ந்து கேட்டு, முதலில் தனித் தாளில் குறித்து, பெரியவர் ஒருவரிடம் காட்டித் திருத்தியபின் பேரேட்டில் மையால் எழுதட்டும். தெருவில் எண்பது வயது கடந்தவர் இன்று எழுவரே இருப்பதாகச் செயலாளர் சற்றுமுன் கூறினார். அவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும், பொங்கல்வரை காத்திராமல் வரும் சனிக்கிழமையே தொடங்கவேண்டும். பேரேடு இரண்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.